எந்த இடத்தில் எந்த உயரம்?

1974-ம் ஆண்டு டிசம்பர் 1-ம் தேதி, வாஷிங்டன் நகருக்கு வந்துகொண்டிருந்த டி.டபிள்யூ.ஏ. கம்பெனியின் போயிங் 727 விமானம் ஒன்று, பலத்த காற்றின் காரணமாக அருகிலுள்ள டலஸ் விமான நிலையத்துக்குத் திருப்பி விடப்பட்டது. நிலையத்துக்கு 44 மைல் இருக்கும்போதே, இறங்குமுறையைத் தொடங்கலாம் என்ற அனுமதி தரையிலிருந்து கிடைத்துவிட்டது. விமானிகளின் கையிலிருந்த வரைபடத்தில் 1,800 அடி என்று ஓர் எண் இருந்தது. ரவுண்ட் ஹில் என்ற புள்ளியைத் தாண்டிய பின்னர் கடைப்பிடிக்க வேண்டிய உயரம் அது. புள்ளி வருவதற்கு வெகு முன்னாலேயே விமானம் அந்த உயரத்தை நோக்கி இறங்கியது. மேகத்துக்குள் மலை நின்றது. 92 பேர் இருந்தார்கள், ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

இதில் மனதை உறுத்துவது என்னவென்றால், அதே வரைபடத்தின் வேறொரு பகுதியில் 3,400 அடி என்று போட்டிருந்ததை விமானிகளே பார்த்திருக்கிறார்கள். தங்களுக்குள் பேசியும் இருக்கிறார்கள். 'அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்றால் இறங்கலாம் என்றுதானே பொருள்' என்று முடிவு கட்டினார்கள். கட்டுப்பாட்டு அதிகாரியோ, உயரத்தைப் பார்த்துக்கொள்வது விமானியின் பொறுப்பு என்று நினைத்திருந்தார். 'அனுமதி' என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு அகராதிகள் இருந்தன. யார் மீது தவறு என்பதில் விசாரணை வாரியத்தின் உறுப்பினர்களுக்குள்ளேயே கருத்து வேற்றுமை ஏற்பட்டது. வரைபடத்தில் போட்டிருக்கும் பாதைக்குள் வந்து சேரும் வரையில், கடைசியாகக் கொடுக்கப்பட்ட உயரத்தை விட்டுக் கீழே இறங்கக் கூடாது என்ற விதி அதன் பிறகே தெளிவுபடுத்தப்பட்டது. தரை நெருங்கினால் கூவி எச்சரிக்கும் கருவி பயணி விமானங்களில் கட்டாயமானதும் அந்த விபத்துக்குப் பின்னர்தான்.

கண்ணுக்குத் தரை தெரியாதபோது கருவிகளை மட்டும் நம்பி இறங்கும் முறை, படிக்கட்டில் இறங்குவதைப் போன்றது. வானத்தில் வரிசையாகச் சில புள்ளிகள் குறிக்கப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. பெரும்பாலும் ஐந்து எழுத்து. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் உயரம். எண்ணின் அடியில் கோடு இருந்தால் அதற்குக் கீழே போகக் கூடாது. தலைக்கு மேல் கோடு இருந்தால் அதற்கு மேலே இருக்கக் கூடாது. இரண்டும் இருந்தால் சரியாக அந்த உயரம். ஒரு புள்ளியைத் தாண்டினால்தான் அடுத்த படிக்கு இறங்கலாம். ரயில் டிரைவருக்குக் கொடுக்கும் காஷன் ஆர்டரில் எந்தக் கிலோமீட்டரிலிருந்து எந்தக் கிலோமீட்டர் வரை என்ன வேகம் என்று எழுதியிருப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. வேகத்தை மட்டும் படித்துவிட்டு இடத்தை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இந்தப் புள்ளிகளும் உயரங்களும் இன்று விமானத்தின் கம்ப்யூட்டருக்குள்ளேயே பதிவாகி இருக்கின்றன. 28 நாட்களுக்கு ஒரு முறை அந்தப் பதிவு புதுப்பிக்கப்படுகிறது. வசதிதான், மறுக்க முடியாது. ஆனால் வரைபடத்தில் இருப்பதெல்லாம் பதிவிலும் இருக்கும் என்பதில்லை. கடைசிக் கட்டத்தில் வரும் நடுப்படி ஒன்று சில கருவிகளின் பதிவில் இடம்பெறாமல் இருக்கக்கூடும். திரையில் அழகான சரிவுக் கோடு தெரியும். நடுப்படியின் உயரத்தை விமானியே வரைபடத்தைப் பார்த்துக் காக்க வேண்டியிருக்கும்.

1995 டிசம்பர் 20-ம் தேதி கொலம்பியா நாட்டின் காலி நகரில் நடந்தது இன்னும் விசித்திரமானது. மியாமியிலிருந்து வந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானத்தின் விமானிகள் ரோஸோ என்ற வானொலி நிலையத்தை நோக்கிப் போக விரும்பினர். வரைபடத்தில் அதன் அடையாளம் 'ஆர்' என்ற ஒற்றை எழுத்து. அதையே கம்ப்யூட்டரில் தட்டினார்கள். முதலில் வந்து நின்றதோ, 100 மைலுக்கும் அப்பால் தலைநகர் பொகோட்டாவின் அருகே இருந்த ரோமியோ என்ற மற்றொரு 'ஆர்'. ரோஸோ வேண்டுமென்றால் பெயரை முழுவதும் தட்டியாக வேண்டும் என்பது பதிவைத் தயாரித்தவர்களுக்குத் தெரியும், ஓட்டியவர்களுக்குத் தெரியவில்லை. விமானம் இருட்டில் இடதுபுறம் திரும்பி மலைக்குள் போயிற்று. 163 பேரில் நால்வர் பிழைத்தனர். நமது ரயில்வேயில் சென்னை சென்ட்ரலுக்கு எம்.ஏ.எஸ்., எழும்பூருக்கு எம்.எஸ். என்று குறியெழுத்தைப் பிரித்து வைத்திருப்பதை வேடிக்கையாகப் பேசுவோர் உண்டு. அது வேடிக்கைக்காகச் செய்ததல்ல.

பதிவு சரியாக இருந்தாலும் உயரமானி பொய் சொல்லலாம். அது காற்றழுத்தத்தை அளந்து உயரத்தைச் சொல்லும் கருவி. அன்றைய அழுத்தத்தைத் தரையிலிருந்து கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். 2022 மே மாதம் பாரிஸில் 1001 என்று சொல்ல வேண்டிய இடத்தில் 1011 என்று சொல்லிவிட்டார்கள். பத்து எண்தான் வித்தியாசம். உயரத்தில் ஏறக்குறைய 280 அடி. கம்ப்யூட்டர் காட்டிய சரிவில் 'சரியாகவே' இறங்கிய ஏர்பஸ் விமானம், ஓடுபாதைக்கு ஒரு மைல் தொலைவுகூட இல்லாத இடத்தில் தரைக்கு 6 அடி உயரத்தில் இருந்து மீண்டும் மேலே எழும்பியது. அதிர்ஷ்டம் என்பதைத் தவிர வேறு சொல் இல்லை.

இவையெல்லாம் அயல்நாட்டுக் கதைகள் என்று ஒதுக்குவதற்கில்லை. 1991 ஆகஸ்டு 16-ம் தேதி, கல்கத்தாவிலிருந்து இம்பால் சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம், குறிக்கப்பட்ட பாதையை விட்டு விலகி மலையில் மோதி 69 பேர் இறந்தனர். பெங்களூர்வாசிகள் 1990 பிப்ரவரி 14-ம் தேதியை மறந்திருக்க மாட்டார்கள். பம்பாயிலிருந்து வந்த ஏர்பஸ், எச்.ஏ.எல். ஓடுபாதைக்குச் சற்று முன்னால் கோல்ப் மைதானத்தில் விழுந்தது. 146 பேரில் 92 பேர் மாண்டனர். அங்கு மலையும் இல்லை, மேகமும் இல்லை. இறங்கும் வேகத்துக்கான குமிழுக்குப் பதிலாக, பக்கத்திலிருந்த உயரக் குமிழைக் கை திருப்பியிருக்கலாம் என்று கருதப்பட்டது.

இப்போது ராடார், தரைக்கருவி வசதி குறைந்த சிறிய ஊர்களுக்கும் விமானம் போகிறது. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கர் நிலையத்தில், நமது 'ககன்' செயற்கைக்கோள் ஏற்பாட்டின் உதவியால் பயணி விமானம் ஒன்றைச் சோதனையாக இறக்கிக் காட்டினார்கள். பெருமைப்பட வேண்டிய காரியம். அதே வேளையில், செயற்கைக்கோள் சமிக்ஞையைக் குழப்பும் தொல்லை குறித்து விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2023-ல் சுற்றறிக்கை அனுப்ப வேண்டி வந்ததையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பதிவும் செயற்கைக்கோளும் சேர்ந்து சொல்வதை, ஒரு விமானி திரையிலிருந்து படிக்க மற்றவர் வரைபடத்தோடு ஒப்பிடுவது என்ற பழக்கத்துக்கு ஒரு நிமிஷம் பிடிக்கும். தாமதத்துக்குக் கணக்குக் கேட்கும் கம்பெனிகள் அந்த ஒரு நிமிஷத்தைக் கணக்கில் சேர்க்காமலிருப்பது அவசியம்.

டலஸ் விபத்துக்கு ஆறு வாரம் முன்பு, வேறொரு கம்பெனியின் விமானம் அதே இடத்தில், அதே தவறைச் செய்து, மயிரிழையில் தப்பியது. அந்தக் கம்பெனி தன் விமானிகளை எச்சரித்தது. மற்றக் கம்பெனிகளுக்குச் சேதி போகவில்லை. அதனால்தான் 1976-ல் அமெரிக்காவில், விமானிகள் தங்கள் தவறுகளைத் தாங்களே எழுதித் தரும் ஏற்பாடு வந்தது. பெயரை நீக்கிவிட்டு, சாரத்தை மாதந்தோறும் எல்லோரும் படிக்க வெளியிடுகிறார்கள். தானாக முன்வந்து தெரிவிக்கும் முறை நம் நாட்டு விதிகளிலும் இருக்கிறது. அப்படி வரும் கடிதங்களின் சாரத்தையும் அதே போல மாதம் தவறாமல் அச்சிட்டு, இம்பால் முதல் மங்களூர் வரை மலையோரம் இறங்கும் ஒவ்வொரு விமானியின் கையிலும் கிடைக்கும்படி இயக்குநரகம் செய்ய வேண்டும்.