கம்பெனி வாசலோடு நின்றுவிடும் சமத்துவம்

1920களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் இந்தியத் தொழிலாளியின் ஒரு நாள் கூலி 50 காசு. பக்கத்து நிரையில் அதே பால்மரத்தைச் சீவிய பெண்ணுக்கு 40 காசு. இது ஏதோ ஒரு கங்காணியின் கஞ்சத்தனமல்ல. அரசாங்கம் அமைத்த குழு உட்கார்ந்து பேசி நிர்ணயித்த கூலி. 1930இல் ரப்பர் விலை சரிந்ததும் அது 40, 32 என்று குறைந்தது. பொருளாதாரமே ஆட்டம் கண்ட காலத்திலும் ஐந்துக்கு நான்கு என்ற அந்தக் கணக்கு மட்டும் கொஞ்சமும் ஆடவில்லை.

அந்தக் கூலிப் பட்டியல் போய்விட்டது. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். அப்படியானால் செலண்டாரிலோ ஜாசினிலோ தோட்டத்தில் உழைக்கும் ஒரு பெண்ணுக்கு இனி என்ன குறை என்று கேட்கலாம். குறை, பட்டியலில் இல்லை. காலையில் பிரட்டுக்களத்தில் வேலை பிரிக்கும்போது இருக்கிறது. செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுவது ஆண் வேலை; இன்று அதில் பெரும்பாலோர் வெளிநாட்டினர். மருந்து அடிப்பது, உரம் போடுவது, உதிரிப் பழம் பொறுக்குவது பெண் வேலை. எடைக்கு ஏற்பக் கூடுதல் வருமானம் தருவது குலை. முதுகில் மருந்துத் தொட்டியைச் சுமப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

பாராகுவாட் களைக்கொல்லியின் கதை இதைத் தெளிவாகக் காட்டும். மருந்து அடிக்கும் பெண்களின் உடல்நிலையை ஆராய்ந்து தெனாகானித்தா அமைப்பு 2002இல் அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு அரசு அந்த மருந்தைப் படிப்படியாக நீக்க முடிவெடுத்தது, 2006இல் பின்வாங்கியது, முழுத் தடை 2020 ஜனவரி 1ஆம் தேதிதான் வந்தது. மருந்து அடிக்கும் வேலையைப் பெண்ணுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொன்னதில்லை. சொல்லாமலே அது பெண்ணின் வேலையாகிவிட்டது. இப்படி எழுதாமல் நடக்கும் பாகுபாட்டைப் பிடிக்க மலேசியச் சட்டத்தில் இன்றும் கைப்பிடி கிடையாது.

கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 8(2) பிரிவில் மதம், இனம், வம்சாவளி, பிறப்பிடம் ஆகியவற்றோடு 'பாலினம்' என்ற சொல்லும் 2001இல் சேர்க்கப்பட்டது. பெண்கள் அமைப்புகள் அதை வரவேற்றன. அந்தச் சொல்லின் எல்லை எதுவரை என்பது நான்கே ஆண்டுகளில் தெரிந்துவிட்டது. மலேசிய விமான நிறுவனத்தின் பணிப்பெண் பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் 1991இல் கருவுற்றார். கூட்டு ஒப்பந்தப்படி அவர் வேலையை விட்டு விலக வேண்டும், மறுத்ததால் நீக்கப்பட்டார். 2005இல் கூட்டரசு நீதிமன்றம் சொன்ன பதில்: அரசமைப்புச் சட்டம் அரசின் செயலிலிருந்துதான் குடிமக்களைக் காக்கும், ஒரு நிறுவனத்துக்கும் அதன் ஊழியருக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் தலையிடாது.

இதே போன்ற விதியை இந்திய உச்ச நீதிமன்றம் 1981லேயே ஏர் இந்தியா வழக்கில் அடித்துத் தள்ளியிருந்தது. முதல் கர்ப்பத்திலேயே பணிப்பெண்ணை வீட்டுக்கு அனுப்புவது இந்தியப் பெண்மையை அவமதிப்பது என்று நீதிபதிகள் கொதித்தார்கள். ஆனால் ஏர் இந்தியா அன்று சட்டம் போட்டு உருவாக்கிய அரசுக் கழகம் என்பதை மறந்துவிடக் கூடாது. அடிப்படை உரிமை அங்கே எட்டியதற்கு முதலாளி யார் என்பதும் ஒரு காரணம்.

மலேசியாவிலும் இதே கதைதான். தற்காலிக ஆசிரியை வேலை கொடுத்துவிட்டு, கர்ப்பிணி என்று தெரிந்ததும் பறித்துக்கொண்டார்கள் என்று நூர்ஃபடில்லா அகமட் சைகின் வழக்குப் போட்டார். 2011இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. மலேசியா 1995இல் ஏற்றுக்கொண்ட, பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. ஒப்பந்தத்தையும் நீதிபதி மேற்கோள் காட்டினார். நூர்ஃபடில்லாவின் முதலாளி அரசாங்கம். பயிற்சிக் காலத்தில் கருவுறக் கூடாது என்று ஒப்பந்தம் போட்ட ஏர் ஏசியா வழக்கிலோ, 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றாதவரை அந்த ஐ.நா. ஒப்பந்தம் இந்நாட்டில் சட்டமாகாது என்றது.

கல்வித் துறையின் பழைய வெற்றியையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். ராசம்மா பூபாலன் தலைமையில் 1960களில் பெண் ஆசிரியர் சங்கம் போராடியது. 1969இல் அரசு ஊழியர்களுக்குச் சம வேலைக்குச் சம ஊதியம் என்ற கொள்கை ஏற்கப்பட்டது. ஒரு தமிழ்ப் பெண்மணி முன்னின்று பெற்ற உரிமை. ஆனால் அது அரசு ஊழியருக்கான உரிமை. தோட்டத்துக்கும் தொழிற்சாலைக்கும் தானாக வந்துவிடவில்லை.

2023 ஜனவரி 1 முதல் திருத்தப்பட்ட வேலைச் சட்டத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது. தந்தைக்கு 7 நாள் கிடைத்தது. தொழிற்சாலையிலும் தோட்டத்திலும் பெண்கள் இரவு வேலை செய்வதற்கு இருந்த தடை நீங்கியது. (மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு விலக்குக் கொடுத்துக் கொடுத்தே அந்தத் தடை எப்போதோ ஓட்டையாகியிருந்தது என்பது வேறு விஷயம்.) புதிய 69எஃப் பிரிவின்படி, வேலையிடப் பாகுபாட்டுப் புகாரைத் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரிக்கலாம், உத்தரவை மதிக்காத முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம்.

ஆனால் பாகுபாடு என்றால் என்ன என்று அந்தச் சட்டம் எங்குமே விளக்கவில்லை. அது பேசுவது ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கும் முதலாளிக்கும் இடையிலான தகராறைப் பற்றி மட்டுமே. பத்து பெரெண்டாம் தொழிற்சாலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகும் செலண்டார் பெண்ணிடம் "கல்யாணம் ஆச்சா? எப்போ குழந்தை பெத்துக்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு வேலை இல்லை என்றால், அவர் இன்னும் ஊழியரே அல்ல. வாசலுக்கு வெளியே நிற்பவருக்கு 69எஃப் உதவாது.

பாலினச் சமத்துவச் சட்டம் என்ற பேச்சு பல அமைச்சர்களைப் பார்த்துவிட்டது. 2018இலும் 2024இலும் அந்த ஒப்பந்தத்தைக் கண்காணிக்கும் ஐ.நா. குழுவின் முன் மலேசியா பதில் சொல்லப் போனபோதும் இந்தக் கேள்வி காத்திருந்தது. வரப்போகும் சட்டம் வாழ்த்து மடலாக இருந்தால் வராமலிருப்பதே மேல். அது தனியார் முதலாளியையும் கட்டுப்படுத்த வேண்டும். வேலை தேடுபவரையும் சேர்க்க வேண்டும். எல்லாருக்கும் ஒன்று போலத் தோன்றி, பெண்ணை மட்டும் பாதிக்கும் விதிகளையும் பாகுபாடு என்று பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும். முதல் கட்டச் சான்று கிடைத்ததும், பாகுபாடு இல்லை என்று மெய்ப்பிக்கும் சுமை முதலாளியின் தோளுக்கு மாற வேண்டும். யாரை எந்த வேலைக்கு, ஏன் அனுப்பினார்கள் என்ற பதிவேடு இருப்பது தோட்ட ஆபீசில்தான். மருந்துத் தொட்டி சுமப்பவரிடம் இல்லை.