தலைக்கட்டுப் பேரேடும் தலையெண்ணிக்கையும்

அண்மையில் வில்லியனூருக்கு அணித்தேயுள்ள ஓர் ஊரில் நிக்காஹ் விருந்தொன்றிற்குச் சென்றிருந்தோம். சஹனைச் சுற்றி அமர்ந்திருந்த பெரியவர்களிடையே பேச்சு, பெண் வீட்டாரின் சமையலை விட்டு, நம்மவர் தொகையின் பக்கம் திரும்பிற்று. நம் கொம்யூனில் நம்மவர் இத்தனை ஆயிரம் என்றார் ஒருவர். எதிரே இருந்தவர் அதனை இரட்டித்தார். மூன்றாமவர் அலைபேசியை எடுத்து, ஊர்தோறும் தொகை இட்ட பட்டியல் ஒன்றை வாசிக்கலானார். வில்லியனூர் முதல் பாகூர் வரை ஒவ்வோர் ஊருக்கும் நடப்பாண்டின் மக்கள் தொகை கடைசி இலக்கம் வரையில் குறிக்கப்பட்டிருந்தது. அவருள் முஸ்லிம்கள் எத்தனை விழுக்காடு என்பதும் புள்ளி வைத்துப் போடப்பட்டிருந்தது. எவர் எண்ணினார், எப்போது எண்ணினார் என்று கேட்டோம். விடை வரவில்லை, தால்ச்சா வந்தது.

சிரித்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஆயின் அதே பட்டியலை, அதே விழுக்காட்டோடு, நம்மை அச்சத்தோடும் பகையோடும் நோக்குவோரும் தம் கூட்டங்களில் வாசிக்கின்றனர். நம்மவர் பெருமைக்குப் படிப்பதை அவர்கள் பீதிக்குப் படிக்கின்றனர். ஆகவே வாய் மூடியிருக்க மனம் ஒப்பவில்லை.

முதலில் உண்மை நிலையைப் பார்ப்போம். புதுச்சேரியில் தலைகள் முறையாகக் கடைசியாக எண்ணப்பட்டது 2011ஆம் ஆண்டில். அப்போது ஒன்றியப் பகுதி முழுமைக்கும் 12,47,953 பேர். அவருள் புதுச்சேரி மாவட்டத்தில் மட்டும் 9,50,289 பேர். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு பெருந்தொற்றின் காரணமாகத் தள்ளிப் போயிற்று. எனவே 2011க்குப் பிற்பட்ட ஆண்டுகளுக்கு எவர் எந்த ஊருக்கு எந்தத் தொகையைச் சொன்னாலும், அது எண்ணிக்கை அன்று, கணிப்பு. பழைய பத்தாண்டில் எவ்வளவு வளர்ந்ததோ அவ்வளவே இனியும் வளரும் என்று கொண்டு கோட்டை நீட்டிப் போட்ட கணிப்பு.

அந்தக் கோடு எத்துணை நேரியது? 1971க்கும் 1981க்கும் இடையே இப்பகுதி வளர்ந்தது நூற்றுக்கு 28.15. அடுத்த பத்தாண்டில் 33.64. அதற்கடுத்து 20.62. பின்னர் 28.08. 1991இல் இருந்த ஒருவர் முந்தைய வேகத்தை நம்பிக் கணக்கிட்டிருந்தால் 2001இல் ஏறத்தாழ 10 இலட்சத்து 79 ஆயிரம் பேர் இருப்பர் என்று சொல்லியிருப்பார். எண்ணிப் பார்த்தபோது இருந்தவரோ 9,74,345. இலட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர் அவருடைய தாளில் மட்டுமே பிறந்து வளர்ந்தனர்! ஒன்றியப் பகுதி முழுமைக்குமே இந்தக் கதி எனில், சில நூறு வீடுகள் உள்ள ஒரு சிற்றூருக்கு அதே முறையில் போட்ட எண்ணைப் பற்றி என்ன சொல்ல?

முஸ்லிம்களின் விழுக்காட்டுக்கு வருவோம். இந்தியக் கணக்கெடுப்பு சமய வாரியான தொகையை வட்டம், நகரம் ஆகிய நிலைகளில்தான் வெளியிடுகிறது. கிராமத்துக்குக் கிராமம் மொத்தத் தொகை உண்டு, பட்டியல் சாதியினர் தொகை உண்டு, எழுத்தறிந்தோர், உழைப்போர் தொகை உண்டு, சமயம் இல்லை. ஆக, பாகூர்க் கொம்யூனின் ஏதோ ஒரு கிராமத்தில் நம்மவர் இத்தனை புள்ளி இத்தனை விழுக்காடு என்று எழுதியவர் கணக்கெடுப்பைப் பார்த்து எழுதியிருக்க முடியாது. ஒன்றியப் பகுதியின் சராசரியை ஊர் தலையில் கட்டியிருக்கலாம். காரைக்காலிலும் மாஹேயிலும் நம்மவர் பங்கு மிகுதி. அவ்விரண்டையும் சேர்த்து எடுத்த சராசரியைச் சங்கராபரணிக் கரைச் சிற்றூருக்குப் பொருத்துவது, அண்ணன் சட்டையைத் தொட்டில் பிள்ளைக்கு மாட்டுவதை ஒக்கும்.

நம்பத்தக்க எண் இருப்பது ஒன்றியப் பகுதி அளவில். 2001இல் முஸ்லிம்கள் 59,358 பேர், நூற்றுக்கு 6.09. 2011இல் 75,556 பேர், நூற்றுக்கு 6.05. தொகை கூடிற்று, பங்கு கூடவில்லை, ஒரு மயிரிழை குறைந்தது. பெருகிவிட்டோம் என்று மார்தட்டும் நம் அன்பரும் பொய்யுரைக்கிறார். பெருகி விழுங்கிவிடுவர் என்று அலறும் எதிர்த் தரப்பாரும் பொய்யுரைக்கிறார். இரு பொய்யும் ஒரே தாயின் பிள்ளைகள். அவற்றுள் ஒன்றை நாமே பாலூட்டி வளர்ப்பதுதான் நம்மை வருத்துகிறது.

"தொகையைக் கூட்டிச் சொன்னால்தானே அரசு செவி சாய்க்கும்?" என்று அந்த விருந்திலேயே நம்மிடம் கேட்டவர் உண்டு. அரசு செவி சாய்ப்பது எதற்கு? சட்டமன்றத் தொகுதிகளின் எல்லை வகுக்கப்பட்டது 2001இன் எண்ணிக்கையைக் கொண்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பயன் எத்தனை பேருக்கு என வரையறுக்கப்பட்டது 2011இன் எண்ணிக்கையைக் கொண்டு. விருந்தில் சொன்ன தொகைக்கு ஒரு படி அரிசியும் கிடைத்ததில்லை. மையவாடிக்கு இடம் கேட்டு மனு எழுதும்போது மிகைத் தொகையை எழுதினோமாயின், அதிகாரி அரசுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து மனுவையே ஐயுறுவார். நியாயமான கோரிக்கையும் அந்த ஐயத்தில் அடிபட்டுப் போகும்.

இப்னு கல்தூன் தம் வரலாற்று நூலின் முகத்திமாவைத் தொடங்கும் இடத்திலேயே இந்த நோயைத்தான் தொட்டுக் காட்டுகிறார். மூஸா (அலை) அவர்களுடன் ஆறு இலட்சம் போர்வீரர் இருந்தனர் என்று அல்-மஸ்ஊதீ எழுதியதை எடுத்துக்கொண்டு, அத்துணைப் பெரும் படை எந்நிலத்தில் அணிவகுக்கும், ஓரிரு நூற்றாண்டுகளில் ஒரு குடும்பம் இவ்வளவாய்ப் பல்கியிருக்க இயலுமா என்று வினவுகிறார். படையின் தொகையும் வரியின் தொகையும் பேசும்போது மனித நாவு மிகையை விரும்புகிறது என்பது அவர் கண்டறிந்தது. அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் நாவு மாறவில்லை.

நாயகம் (ஸல்) அவர்களோ மதீனாவில் இஸ்லாத்தை மொழிந்தோரின் பெயர்களை எழுதித் தருமாறு பணித்தார்கள். கவனியுங்கள்: ஊகித்துச் சொல்லுமாறு பணிக்கவில்லை. ஹுதைஃபா (ரலி) அவர்களின் அறிவிப்பில் ஆயிரத்து ஐந்நூறு ஆடவர் என்று வருகிறது. ஐந்நூறு என்றும், அறுநூற்றுக்கும் எழுநூற்றுக்கும் இடைப்பட்டது என்றும் வேறு அறிவிப்புகள் உள. இமாம் புகாரீ இம்மூன்றையும் மறைக்காது பதிந்து வைத்தார்கள். பெரிய எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு சிறியவற்றை அழித்துவிட அவர்களுக்குத் தோன்றவில்லை.

இனி, ஊர்கள் மாறவே இல்லையா என்றால், மாறியுள்ளன. கண் உள்ளவர் காண்கின்றனர். வில்லியனூரைச் சுற்றி நெல் விளைந்த வயல்களில் கல் நட்டு மனைப்பிரிவுகள் எழுந்தன. 'நகர்' என்று முடியும் பெயர்கள் மழைக்காலக் காளான் போலப் பல்கின. சேதராப்பட்டிலும் பிறவிடங்களிலும் தொழிற்பேட்டைகள் வந்தன. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களிலிருந்தும் வடநாட்டிலிருந்தும் கூலியாட்கள் வந்தனர். பாகூர்க் கொம்யூனில் கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் பக்கம் மருத்துவக் கல்லூரிகள் எழுந்தன; விடுதிகளில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளும் எண்ணும் நாளில் அவ்வூராரே. அதனால் ஊரின் தொகை உயரும். ஆனால் அவ்வூரில் ஒரு தொட்டிலும் கூடுதலாக ஆடியிராது.

தொட்டிலைப் பற்றிச் சொன்னோம். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 சுற்றில், புதுச்சேரியில் ஒரு பெண் தன் வாழ்நாளில் ஈனும் மகவின் சராசரி 1.5 என்று வந்தது. தாயும் தந்தையும் போன இடத்தை நிரப்பவே 2.1 வேண்டும். நாடு முழுதுமுள்ள முஸ்லிம் பெண்டிரின் சராசரி 1992-93இல் 4.4ஆக இருந்தது, 2019-21இல் 2.4ஆக இறங்கிற்று. ஆகவே இங்கே ஊர் பெருக்கிறது என்றால் பெரும்பாலும் குடியேற்றத்தால் பெருக்கிறது. பிறப்புப் பதிவேட்டைக் காட்டி வாதிடுவோரும் உளர். பிறப்பு, நிகழ்ந்த இடத்தில் பதியப்படுவது. பெற்றோர் வாழும் இடத்தில் அன்று. பாகூர்ப் பெண் புதுச்சேரி நகரத்து மருத்துவமனையில் பிள்ளை பெற்றால் பதிவு நகரத்தில். தமிழ்நாட்டுப் பெண் ஜிப்மரில் பெற்றாலும் பதிவு அங்கேதான். நகரத்தின் ஏடு வீங்கியும் கொம்யூனின் ஏடு மெலிந்தும் காணப்படுவதில் வியப்பில்லை. அதைக் கொண்டு ஊரை எடை போடுவது எங்ஙனம்?

பிறரைச் சாடியது போதும். நம் வீட்டுக்குள் நுழைவோம். ஜமாஅத்திடம் தலைக்கட்டுப் பேரேடு இருக்கிறது. வரி தண்டவும், கந்தூரிச் சோறு பங்கிடவும், நிக்காஹ் தஃப்தரில் கையொப்பமிடவும் அது உதவும். அதையே மக்கள் தொகை என்று நம்பியதில்தான் நாம் வழுக்கினோம். ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தந்தை, தாய், மூன்று ஆண்மக்கள். மூத்தவர் துபாயில், இரண்டாமவர் பிரான்சில், கடைக்குட்டி சென்னையில். நம் பேரேட்டில் மூவரும் வரி செலுத்தும் தலைக்கட்டுகள். அரசுக் கணக்கெடுப்பில் அவ்வீட்டில் இருவர். எண்ணும் காலம் முழுதும் வெளியே இருப்பவர் அங்கே சேரார். இவ்வாறு பேரேடு மிகுத்துக் காட்டும்.

குறைத்தும் காட்டும். அதுதான் கொடிது. கைம்பெண் தலைக்கட்டு ஆகாள். கணவன் விட்டுச் சென்ற பெண்ணும் ஆகாள். கடலூரிலிருந்து வந்து குடிக்கூலிக்கு இருக்கும் தையற்காரர் பத்தாண்டு நம் பள்ளியிலேயே தொழுதாலும், அவர் 'வெளியூர்'. புதுச்சேரி நிலமும் தமிழ்நாட்டு நிலமும் பின்னிக் கிடக்கும் இப்பகுதியில், எல்லைக்கு அப்பாலுள்ள வீடு சில இடங்களில் ஜமாஅத்துக்கு உள்ளூர், அரசுக்கு வேற்று மாநிலம். தொகையைப் பெருக்கிச் சொல்லும் நாவே இந்த ஏழைகளை எண்ணாமல் விட்டது. ஸகாத்தும் ஃபித்ராவும் பங்கிடும்போது பேரேட்டைத் திறந்து பெயர் தேடும் நம்மவர், பெயர் இல்லாதவரிடம் என்ன சொல்லி அனுப்புகின்றனர்?

2027 மார்ச் முதல் நாளை அடிப்படையாகக் கொண்டு கணக்கெடுப்பு நிகழுமென்று 2025 ஜூன் 16இல் அறிவிக்கப்பட்டது. அதைப் பற்றியும் நம் தெருக்களில் வதந்திகள் உலவுகின்றன. வாக்காளர் பட்டியல் திருத்தத்தையும் மக்கள் தொகைப் பதிவேட்டையும் இதையும் ஒன்றாகக் குழப்பி, கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்வோர் உளர். மக்கள் தொகைப் பதிவேடு குடியுரிமைச் சட்டத்து விதிகளின்கீழ் வருவது. அதைப் பற்றிய அச்சத்தை நாம் இகழவில்லை. கணக்கெடுப்போ 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வருவது. அதில் நாம் சொல்லும் விவரம் பிறர் பார்வைக்குத் திறக்கப்படாது என்றும், வழக்கில் சான்றாகாது என்றும் அச்சட்டத்தின் 15ஆம் பிரிவு கூறுகிறது. கதவைச் சாத்தியவர் வீட்டில் எண்ணப்படாது போவோர் அவருடைய மக்களே. தாய்மொழி எது என்று கேட்கும் கட்டத்தில், தொட்டிலில் தமிழில் தாலாட்டுக் கேட்டவர் வேறொன்றை எழுதச் சொன்னாலும் நாம் ஏற்கோம். உருது பேசி வளர்ந்தவர் உருது என்று எழுதட்டும்.

இவ்வளவும் பேசிவிட்டு வீட்டில் சும்மா இருக்க நாணினோம். நம்மிடம் ஓதும் மாணவர் அறுவரிடம் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, பள்ளிவாசலை ஒட்டிய தெருவில் வீடு வீடாகச் செல்லச் சொன்னோம். இங்கே உறங்குவோர் ஒரு பத்தியில், வெளியூரில் இருப்போர் மறு பத்தியில். பெண்களின் பெயரைக் கேட்டு எழுத வேண்டும். 'இன்னார் மனைவி' என்று எழுதி வரக்கூடாது. அஸருக்குப் பின் சென்றவர்கள் மஃரிபுக்கு முன் திரும்பினர். தெருக்கோடியில் ஓலைத் தடுப்புக்குள் ஓர் அம்மாவும் இரண்டு பேத்திகளும் இருப்பதாக ஒரு பையன் எழுதி வந்தான். பேரேட்டைப் புரட்டினோம். அவ்வீடு அதில் இல்லை. அந்தத் தெருவில் இருபது ஆண்டுகளாக நாம் நாளைக்கு ஐந்து முறை நடந்திருக்கிறோம்.

அடுத்த வெள்ளிக்குள் மேலத் தெருவை முடிக்கச் சொல்லியிருக்கிறோம். நோட்டுப் புத்தகங்கள் இன்னும் நான்கு தேவைப்படுகின்றன.