பைலட் ஆக ஒரு வீடு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சொசைட்டியில் இருக்கும் நண்பர் ஒருவர் பளபளப்பான கையேட்டோடு வந்தார். பையன் பன்னிரண்டாவது. "45 லட்சம்தானாம் சார், 14 மாசத்துல பைலட். என்ன சொல்றீங்க?" என்றார். வேண்டாம் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. புனேயில் பத்து வருஷமாகச் சேர்ந்து பொங்கல் வைக்கும் குடும்பம். மொட்டையாக வேண்டாம் என்றால் எப்படி? அதனால் இங்கே முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

என் அக்கா பையனுக்காகக் கோவில்பட்டி வீட்டை அடமானம் வைத்தார்கள். இதே 45 லட்சம், இதே 14 மாசம். பள்ளி வேறு, அவ்வளவுதான். கமர்ஷியல் லைசென்ஸுக்கு டிஜிசிஏ கேட்பது 200 மணி நேரப் பறத்தல். வகுத்துப் பாருங்கள், மணிக்கு 22,500 ரூபாய். விடுதி, சாப்பாடு, தேர்வுக் கட்டணம், மெடிக்கல், ஹெட்செட் எல்லாம் தனி.

பணம் தவணையில் கறாராகப் போனது. மணிகள் வரவில்லை. மழைக்காலம் என்றார்கள். விமானம் ரிப்பேர் என்றார்கள். பயிற்சியாளர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றார்கள். மாசத்துக்கு நாலு மணி நேரம் பறந்த மாசமும் உண்டு. "மாமா, இன்னிக்கும் பேர் போடல" என்று ராத்திரி போன் பண்ணுவான். 14 மாசம் 30 மாசம் ஆனது. 40 லட்சம் கடனுக்கு 11 சதவீத வட்டி என்றால் வருஷத்துக்கு 4.4 லட்சம். கூடுதலான அந்த 16 மாசத்துக்கு மட்டும் கிட்டத்தட்ட 5.9 லட்சம். தாமதம் பள்ளியுடையது, வட்டி அத்தானுடையது.

இது எங்கள் தலைவிதி மட்டுமில்லை. 2025 அக்டோபரில் டிஜிசிஏ முதன்முறையாகப் பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரம் போட்டு வெளியிட்டது. ஒரு பள்ளிகூட ஏ பிளஸோ, ஏ-வோ வாங்கவில்லை. கையேட்டில் இதெல்லாம் இருக்காது.

சரி, லைசென்ஸ் வந்துவிட்டது, 2023 மார்ச்சில். வேலை? அங்கேதான் அடுத்த பில். பழகியது செஸ்னா 172, நாலு சீட். கம்பெனிகள் ஓட்டுவது ஏர்பஸ் 320. அதற்கு டைப் ரேட்டிங் வேண்டும், இன்னும் பத்துப் பதினைந்து லட்சத்துக்கு மேல். அந்த மே மாசமே கோ ஃபர்ஸ்ட் பறப்பதை நிறுத்தியது. ஆயிரக்கணக்கில் மணி வைத்திருந்த ஏர்பஸ் பைலட்டுகள் வேலை தேடி வந்தார்கள். 200 மணிக்காரனை யார் கூப்பிடுவார்கள்? 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர், 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றபோதும் இதே கதைதான்.

'பைலட் பஞ்சம்' என்று பேப்பரில் வருகிறதே என்பீர்கள். பஞ்சம் பெரும்பாலும் கமாண்டர்களுக்கு. அதற்கான ஏடிபிஎல் லைசென்ஸுக்கே 1500 மணி வேண்டும். புதுசாக லைசென்ஸ் வாங்கியவனுக்கு வரிசைதான். அந்த வரிசையில் நிற்கவும் காசு. கிளாஸ் 1 மெடிக்கலை வருஷாவருஷம் புதுப்பிக்கணும், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கையும்தான்.

எனக்குக் கோபம் பையன்களின் ஆசை மேல் இல்லை. ஏழு வயசில் மொட்டைமாடியில் நின்று கையாட்டியவன் அவன். கோபம் இந்த ஏற்பாட்டின் மேல். 2004ல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது கம்பெனி மூணு மாசம் சம்பளமும் கொடுத்து ஜாவா சொல்லிக்கொடுத்தது. ஓடிவிடாமலிருக்க பாண்ட் எழுதி வாங்கிக்கொண்டது. நியாயம். விமான கம்பெனி ஏன் அப்படிச் செய்யக்கூடாது? தன் விமானத்தை ஓட்டப் போகிறவனின் டைப் ரேட்டிங் செலவைத் தானே போட்டு, சம்பளத்தில் பிடித்துக்கொள்ளட்டுமே. பள்ளிகளும் பறந்த மணிக்கு மட்டும் காசு வாங்கட்டும். டிஜிசிஏ அதைச் சட்டமாக்கட்டும்.

அதுவரை, ஆசையை அடக்க முடியாதவர்களுக்கு: அட்வான்ஸ் கட்டுமுன் கிளாஸ் 1 மெடிக்கலை முடியுங்கள். நிறக்குருடு அங்கேதான் தெரியவரும். அஞ்சு பேப்பரை எழுதிப் பாருங்கள், அதற்கு வீட்டை வைக்க வேண்டியதில்லை. ஃபர்சத்கஞ்சில் இருக்கும் அரசு அகாடமியின் நுழைவுத்தேர்வையும் எழுதுங்கள். தனியார் பள்ளி என்றால் சேருமுன் ஒரு வாரம் ஓடுதளம் பக்கம் நின்று, தினம் எத்தனை விமானம் மேலே போகிறது என்று எண்ணுங்கள். நாங்கள் எண்ணவில்லை.

அக்கா பையன் இப்போது ஒரு விமான நிலையத்தில் கிரவுண்ட் ஸ்டாஃப். மாசம் 28 ஆயிரம். வட்டிக்கே பத்தாது, மீதியை நான் அனுப்புகிறேன். நண்பர் கையேட்டை என் டீப்பாயில் மறந்துவிட்டுப் போயிருக்கிறார். இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.