கோலம் ஒருத்தி போடுவதா?

தேரைப் பத்துப் பேர் இழுக்கலாம், கோலத்தை ஒருத்திதான் போட முடியும் என்று சென்ற இதழில் ஒருவர் எழுதியிருந்தார். திறமூல மென்பொருள் திட்டங்கள் தங்கள் லோகோவைத் தாங்களே கூடி வரைந்துகொள்வது கேலிக்கூத்தாம். அதைத் தேர்ந்த வடிவமைப்பாளர் ஒருவர் கையில் கொடுத்துவிட்டு நிரல் எழுதுகிறவர்கள் நிரலை மட்டும் பார்க்க வேண்டுமாம். உவமை காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. மார்கழியில் ஒரு நாளாவது விடியுமுன் எழுந்து தெருவைப் பார்த்தவர் எழுதிய உவமையாகத்தான் இல்லை.

பெங்களூரு ஜீவனஹள்ளியில் நான் குடியிருக்கும் சந்தில், பொங்கலுக்கு முந்தின இரவு போடும் கோலம் மூன்று வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கும். புள்ளி வைப்பது எதிர்வீட்டுப் பாட்டி. 21 புள்ளி, இடுக்குப் புள்ளி, 11 வரை. அந்தக் கட்டத்தில் மற்றவர்கள் கை வைக்கக்கூடாது, வைத்தால் திட்டு விழும். புள்ளி முடிந்ததும் பாட்டி திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். கோடு இழுப்பது நான்கு பேர், கலர்ப் பொடி நிரப்புவது பிள்ளைகள். கன்னடம் பேசும் பக்கத்து வீட்டு அக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, கிழக்கு மூலையில் ஒரு சுழி விட்டுப்போனதைச் சொல்லுவார். தரையில் குனிந்திருப்பவர்களுக்கு அது தெரியாது, மாடியில் நிற்பவருக்குத்தான் தெரியும். இத்தனைக்கும் அங்கே ஒரு முறைகூட வாக்கெடுப்பு நடந்ததில்லை.

கட்டுரையாளரின் அடிப்படைக் குழப்பம் இங்கேதான். கூட்டாக வரைவது என்றாலே பத்துப் படத்தை வரிசையாக வைத்துக் கைதூக்கச் சொல்வது என்று முடிவுகட்டிவிட்டார். பிறகு வாக்கெடுப்பைப் போட்டு மிதிக்கிறார். வாக்கெடுப்பை அவர் எவ்வளவு வேண்டுமானாலும் மிதிக்கட்டும், நானும் ஒரு கால் தருகிறேன். நண்பர் பட்டாளம் பெரிதாக இருப்பவரின் படம்தான் அதில் ஜெயிக்கும். ஆனால் அவர் மிதித்தது எங்கள் கோலத்தை அல்ல.

இனி அவருடைய சாட்சிகள். முதலாவது ஃபயர்பாக்ஸ். ஒரே ஒரு கலைஞர் தனியாக உட்கார்ந்து செய்த அற்புதம் என்று உருகுகிறார். நெருப்புவால் நரி பூமியைச் சுற்றிப் படுத்திருக்கும் கருத்து டேனியல் பர்க்காவுடையது. பென்சிலில் வரைந்து பார்த்தவர் ஸ்டீபன் டெரோஷ். அதைக் கணினியில் பளபளவென்று முடித்துக்கொடுத்தவர் ஜான் ஹிக்ஸ். 2004-இல் வெளிவந்த அந்த லோகோவுக்குப் பின்னால் இருந்தது ஒரு தன்னார்வலர் குழு. புள்ளி ஒருவர், கோடு ஒருவர், கலர் ஒருவர். தன் கட்சிக்காகக் கூட்டி வந்த சாட்சியே எங்கள் பாட்டியின் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது.

அதே ஃபயர்பாக்ஸில் இன்னொரு கதை இருக்கிறது. படம் நன்றாக இருந்தால் போதும், உரிமம் எல்லாம் வக்கீல் வேலை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாரே, அதற்கான பதில் அது. பெயரை வைத்துக்கொண்டால் லோகோவையும் சேர்த்துத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று 2006-இல் ஃபயர்பாக்ஸை வெளியிடும் மொசில்லா, டெபியன் என்ற லினக்ஸ் வழங்கல் திட்டத்திடம் சொன்னது. லோகோவின் உரிமமோ கட்டற்றது இல்லை. டெபியனின் விதிப்படி அதை உள்ளே சேர்க்க வழியில்லை. கடைசியில் டெபியன்காரர்கள் பெயரையே கழற்றிவிட்டு, அதே உலாவியை ஐஸ்வீசல் என்று பத்தாண்டு காலம் விநியோகித்தார்கள். 2016-இல்தான் பழைய பெயர் திரும்பி வந்தது. உலகமே மெச்சிய படம் ஒன்றால், போய்ச்சேர வேண்டிய வீட்டின் வாசற்படி ஏற முடியவில்லை. லோகோவை இறுதி செய்வது என்றால் என்ன வேலை என்பது இந்தப் பத்தாண்டைப் படித்திருந்தால் புரிந்திருக்கும்.

இரண்டாவது சாட்சி லினக்ஸ் பெங்குவின். 1996-இல் லாரி யூவிங் வரைந்தது, லோகோ போட்டிகளில் வெல்லவில்லை. ஆகவே கூட்டத்துக்கு நல்லது எது என்று தெரியாது என்கிறார். போட்டியில் வெல்லாதது உண்மை. அப்படியானால் இன்று அது நமக்கெல்லாம் தெரிந்தது எப்படி? லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்குப் பெங்குவின் பிடித்திருந்தது ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் யூவிங் அதை கிம்ப் என்ற கட்டற்ற மென்பொருளில் வரைந்து, எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றிக்கொள்ளுங்கள், யாராவது கேட்டால் என் பெயரையும் கிம்ப் பெயரையும் சொல்லுங்கள் என்று விட்டுவிட்டார். அதன் பிறகு அந்தப் பறவை போடாத வேஷம் இல்லை. 2009-இல் லினக்ஸ் கெர்னல் 2.6.29 வெளியானபோது, அழிந்துவரும் டாஸ்மேனியன் டெவில் என்ற விலங்குக்கு ஆதரவாகப் பெங்குவினையே ஒதுக்கி வைத்து, பெங்குவின் அலகை மாட்டிக்கொண்ட அந்த விலங்கைத் தற்காலிக லோகோவாக்கினார்கள். வாக்கில் தோற்ற படத்தைக் கூட்டம் கையில் எடுத்துப் புழங்கிப் புழங்கித் தேர்ந்தெடுத்தது. கட்டுரையோடு அச்சான ஆசிரியர் புகைப்படத்தில், அவருடைய மடிக்கணினி மூடியில் ஒட்டியிருப்பதும் ஒரு பெங்குவின்தான். அதை எந்தத் தேர்வுக் குழு அங்கே கொண்டுவந்து ஒட்டியது?

மூன்றாவதாக ரூபாய்க் குறி. இது திறமூலத் திட்டமே இல்லை, இருந்தாலும் இழுத்துவிட்டார், விட மனமில்லை. 3,331 படைப்புகள் வந்த திறந்த போட்டியில் தேர்வானது உதயகுமார் வரைந்த குறி. 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. கட்டுரையாளரின் கதை அந்தத் தேதியோடு முடிந்துவிடுகிறது. ஒப்புதல் கிடைத்த அன்று அது காகிதத்தில் இருந்த ஒரு படம், அவ்வளவுதான். விசைப்பலகையில் இல்லை, எழுத்துருவில் இல்லை. மங்களூரில் இருந்த ஃபொரேடியன் என்ற சிறு நிறுவனம் உடனே ஓர் எழுத்துரு செய்து இலவசமாகக் கொடுத்தது. டேப் விசைக்கு மேலே இருக்கும் விசையைத் தட்டினால் ரூபாய் வரும். அந்த எழுத்துரு இல்லாத கணினிக்கு அனுப்பினால், ரூபாய் இருந்த இடத்தில் ஒரு சின்னக் கீறல்தான் தெரியும். அக்டோபரில் யூனிகோட் 6.0-இல் அதற்கென்று சொந்த இடம் கிடைத்தது. அதே மாதம் வந்த உபுண்டு 10.10 என்ற லினக்ஸ் இயங்குதளம், குறியைத் தன்னோடு சேர்த்தே கொண்டுவந்தது. உபுண்டு எழுத்துருவில் அதைச் சேர்த்தவர் ஒரு பங்களிப்பாளர். விண்டோஸுக்கு அதற்கான புதுப்பிப்பு வர 2011 மே ஆயிற்று. வரைந்தவர் ஒருவர், மறுக்கவில்லை. மளிகைக்கடை ரசீது வரைக்கும் அதைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் யார் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லையே, அதைத்தான் சொல்கிறேன்.

ஒரே ஓர் இடத்தில் அவர் சொல்வது நியாயம். பரிசு ஒருவருக்கு, உழைப்பு ஆயிரம் பேருக்கு என்று போட்டி நடத்துவது வடிவமைப்பாளர்களின் வயிற்றில் அடிப்பது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது போட்டியின் குற்றம். கையில் பணம் இருக்கிற திட்டம் வடிவமைப்பாளருக்குச் சம்பளம் கொடுத்துக் கூட்டத்துக்குள் உட்காரவைக்கட்டும். கூட்டத்தைக் கலைத்துவிட்டுச் சம்பளம் கொடு என்று அவர் சொல்வதில்தான் எனக்குத் தகராறு.

எங்கள் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊருக்கு உபதேசம் என்பார். தமிழையும் கன்னடத்தையும் ஒரே விசைப்பலகையில் தட்டுவதற்கு எட்டுப் பேர் சேர்ந்து ஒரு சின்ன மென்பொருள் செய்துவருகிறோம். லோகோ, தூக்கணாங்குருவிக் கூடு. கல்லூரி மாணவி ஒருத்தி இங்க்ஸ்கேப்பில் வரைந்தாள். ஒவ்வொரு நாரும் தனித்தனிக் கோடு, பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். உலாவித் தாவலில் 16 பிக்சலுக்குச் சுருக்கியதும் என் மகன் எட்டிப் பார்த்து, “எதுக்குப்பா பலாப்பழம்?” என்றான். குழந்தை ஏதோ சொல்கிறது என்று விட்டுவிட்டோம்.

பிறகு லோகோவை ஸ்டிக்கராக வெட்டக் கொடுக்கப் போனோம். காக்ஸ் டவுன் போகும் வழியில், ரேடியம் ஸ்டிக்கர் வெட்டும் கடை ஒன்று. ஆட்டோவுக்கும் பைக்குக்கும் நாள் முழுக்கப் பெயர் வெட்டிக்கொடுக்கிற அண்ணன் எங்கள் கோப்பைத் திறந்ததும் முகத்தைச் சுளித்தார். கட்டிங் மெஷினில் ஒரு துண்டு ஓட்டிக் காட்டினார். வேண்டாத பகுதியை ஊசிமுனையால் நெம்பி உரிக்கும்போது, நாரெல்லாம் கூடவே சுருண்டு வந்துவிட்டது.

“இன்னா சார், இவ்ளோ மெல்லிசா போட்டா நிக்குமா? புடுங்கசொல்லவே பிச்சிக்குது பாருங்க. அஞ்சாறு கோடு போதும். தடியா போடுங்க. ஒத்தக் கலர்ல வருமான்னு மொதல்ல பாருங்க.”

வடிவமைப்புப் பள்ளியில் இதை வேறு சொற்களில் ஒரு பருவம் முழுக்க நடத்துவார்கள். கட்டுரையாளரின் கணக்குப்படி இந்த அண்ணன் வெறும் கூட்டம். மாணவி அன்றிரவே அறுபது சொச்சம் கோடுகளை ஆறாகக் குறைத்தாள். கூட்டின் வாய் கீழே திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் குருவி எப்படி நுழையும் என்று கன்னடக்கார நண்பர் ஒருவர் திருத்தினார். கறுப்பு வெள்ளையில் அச்சடித்துப் பார்த்தோம். எஸ்விஜி மூலக்கோப்பையும் சேர்த்து, வரைந்தவர் பெயரைச் சொல், மாற்றினால் இதே உரிமத்தில் கொடு என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டோம். அன்றைக்குத்தான் இறுதி என்று சொல்லிக்கொண்டோம்.

இரண்டு வாரம் கழித்து ஜீவனஹள்ளி மெயின் ரோட்டில் எனக்கு முன்னால் ஓர் ஆட்டோ. பின்கண்ணாடியில் மஞ்சள் ரேடியத்தில் எங்கள் கூடு, தலைகீழாக, கீழே ‘அம்மா ஆசி’. கடைக்கார அண்ணனிடம் கேட்டேன். கம்ப்யூட்டரில் இருந்த டிசைன்களைக் காட்டியபோது டிரைவரே விரல் வைத்துக் காட்டிக் கேட்டாராம்.

“அவுருக்கு ஊரு பண்ருட்டி சார். பலாப்பழம்னு ஆசையா ஒட்டிக்கினாரு.”

கட்டுரையாளர் இதைத் தன் அடுத்த கட்டுரைக்குத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். உரிமப்படி டிரைவர் மாணவியின் பெயரைப் போட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. அவளிடம் சொன்னதற்கு, அந்த ஆட்டோ நம்பரைக் குறித்துவைத்தீர்களா, போட்டோ எடுக்க வேண்டும் என்றாள்.