தூணுக்கென்று பிறந்த ஓவியம்

யப்பானிய மர அச்சு ஓவியம் என்றதும் ஹொக்குசாயின் பேரலையே பலர் நினைவில் எழும். ஆயின், இன்று கண்ணாடிச் சட்டத்துள் காவலோடு வைக்கப்படும் இவ்வோவியங்களுள் ஒருவகை வீட்டுத் தூணில் ஒட்டுவதற்கென்றே ஆக்கப்பட்டது. 'ஹஷிரா-எ', அதாவது தூண் ஓவியம், என்பது அதன் பெயர்.

இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரிலே, செல்வர் மனைகளிற் சுருளோவியம் தொங்கவிட 'தொக்கொனோமா' என்னும் மாடம் உண்டு. சிறு வணிகனுக்கும் கைவினைஞனுக்கும் அவ்வசதி ஏது? இழுத்து மூடும் கதவுகளே சுவராய் நின்ற வீட்டிற் படத்துக்கு வாய்த்த இடம் மரத்தூண்தான். அதற்கேற்ப ஏறக்குறைய 28 அங்குல உயரமும் 5 அங்குல அகலமும் கொண்ட தாள்களை அச்சிட்டனர். ஒக்குமுரா மசனோபு என்பார் இவ்வகையைத் தோற்றுவித்தவர் தாமே எனத் தம் படங்களிற் பொறித்துக்கொண்டார். விளம்பரக் கலை நம் காலத்தது மட்டுமன்று போலும்! 1765இல் பல்வண்ண அச்சு சிறந்தபின் ஹருனோபுவும், அவருக்குப்பின் கொரியூசாயும் இதில் வல்லவராயினர்.

ஐந்து அங்குலத்துள் என்னதான் வரைவது? 1748இல் முதன்முதல் மேடையேறிய 'சூஷின்குரா' நாடகத்தின் ஏழாம் அங்கம் தூண் ஓவியர்க்கு உவப்பான பொருள். நடுவே தலைவன் இரகசியக் கடிதமொன்றை விரித்து வாசிக்கிறான். மேல்மாடியில் ஒருத்தி, கைக்கண்ணாடியில் விழும் எழுத்துக்களைக் களவாகப் படிக்கிறாள். தரைப்பலகையின் கீழே பதுங்கிய ஒற்றனோ, தொங்கும் கடித முனையைக் கண்ணுறுகிறான். மூவரையும் ஒரே கடிதம் மேலுங்கீழுமாய்ப் பிணைக்கின்றது. அகன்ற தாளில் இக்காட்சிக்கு இத்துணை இறுக்கம் வாராது என்பது என் துணிபு.

ஓவியன் வரைவான், ஒருவன் செரி மரப்பலகையிற் செதுக்குவான், வேறொருவன் வண்ணந் தடவி, தாளை மேலே வைத்துத் தேய்த்தெடுப்பான். பல்வண்ணப் படமாயின் ஒரே படத்துக்குப் பல பலகைகள் வேண்டும்.

இவ்வளவு உழைப்பும் அடுப்புப் புகைக்கும் வெயிலுக்குமே இரையாயிற்று. பூவிலிருந்து எடுத்த நீலச்சாயம் எளிதில் மங்கிற்று, தாள் பழுப்பேறியது, கிழிந்தழிந்தவை மிகப்பல. 19ஆம் நூற்றாண்டில் இவ்வகை அருக, இரு பெருந்தாள்களை மேலுங்கீழும் இணைத்த நீள்படங்கள் செல்வாக்குப் பெற்றன.

புகையேறிய தூண் ஓவியத்தைச் சேகரிப்போர் குறைவாகவே மதிப்பர். எனக்கோ அதன்மீதே விருப்பம் மிகுதி. ஒரு குடும்பம் நாள்தோறும் பார்த்திருந்த படம் அது.