ஸ்டார்ட் ஆனால் போதாது

2020 அக்டோபர் 13 இரவு ஹைதராபாத்தில் கொட்டிய மழையில் தெருக்களில் கார்கள் அடித்துச் செல்லப்பட்டதை நாடே பார்த்தது. தண்ணீரில் நின்ற காரில் முதலில் சந்தேகிக்க வேண்டியவற்றுள் ஒன்று, இன்ஜினை ஆட்டுவிக்கும் கணினியான ஈசியூ. புதியது விலை கூடுதல் என்பதால், அதே மாடல் வண்டியிலிருந்து கழற்றிய பழையதை வாங்கி மாட்டுகிறார்கள். பழைய வாகன உதிரிபாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. சாக்கெட் பொருந்தி, இன்ஜினும் ஸ்டார்ட் ஆகிவிட்டால் வேலை முடிந்தது என்பது கணக்கு. அந்தக் கணக்குதான் தவறு.

மேலுறை ஒன்றாக இருந்தாலும் உள்ளே எழுதப்பட்ட மென்பொருள் வேறாக இருக்கலாம். மேனுவல் கியருக்கு ஒன்று, ஆட்டோமேட்டிக்குக்கு ஒன்று; 2020 ஏப்ரலில் கட்டாயமான பிஎஸ்-6 மாசு விதிக்கு உட்பட்ட வண்டிக்கு இன்னொன்று. சாவியிலுள்ள சிப்பை ஈசியூ அடையாளம் காணாவிட்டால் வண்டி கிளம்பாது. இதை நல்ல கோளாறு என்பேன், உடனே தெரிந்துவிடுகிறதே! சத்தமில்லாமல் கெடுப்பவைதான் ஆபத்து. காமன் ரெயில் டீசல் கார்கள் பலவற்றில், டீசலைத் தெளிக்கும் ஒவ்வோர் இன்ஜெக்டருக்கும் தொழிற்சாலையிலேயே அளந்து தந்த திருத்தக் குறியீடு உண்டு. அது அந்த வண்டியின் ஈசியூவில் பதிந்திருக்கும். வேற்று ஈசியூவோ தன் பழைய வண்டியின் இன்ஜெக்டர்களுக்கு ஏற்பவே டீசலை அளந்து விடும். கார் ஓடும், அதிர்வும் புகையும் மைலேஜ் குறைவும் பின்னால் வரும். மாசுச் சோதனையில் தெரிந்துவிடாதா என்றால், அங்கே டீசல் வண்டிக்குப் பார்ப்பது புகையின் அடர்த்தியை மட்டுமே; நைட்ரஜன் ஆக்சைடுகளை அளப்பதே இல்லை.

பழையதே வாங்கக் கூடாது என்றால் நடுத்தரக் குடும்பம் எங்கே போகும் என்ற கேள்வி நியாயமானது. பழையதை நான் மறுக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவதைத்தான் மறுக்கிறேன். கெட்ட ஈசியூவின் நினைவகம் பிழைத்திருந்தால், அதிலுள்ள பதிவை அதே பாக எண் கொண்ட மற்றொன்றுக்கு மாற்ற முடியும். சிலர் குறுக்குவழியாகச் சாவிப் பாதுகாப்பையே நீக்கிவிடுகிறார்கள். அது திருடனுக்குச் செய்யும் உதவி. முறையாகச் செய்யத் தேவையான தகவலைக் கார் நிறுவனங்கள் பூட்டி வைத்திருக்கின்றன என்று மெக்கானிக்குகள் குறைப்படுவதிலும் உண்மை உண்டு. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு ரூ.2,544 கோடி அபராதம் விதித்தது. உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளிப் பணிமனைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்றது. வழக்குகள் மேல்முறையீட்டுக்குப் போயின. திருட்டைத் தடுக்கப் பூட்டு வேண்டும்தான். ஆனால் உரிமையாளரின் ஆவணங்களைச் சரிபார்த்து, பதிவுபெற்ற பணிமனைக்குத் திறந்துவிட என்ன தடை? அதுவரை, ஈசியூவின் பாக எண்ணையும் மென்பொருள் எண்ணையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.