சம்மன் யார் வீட்டுக்குப் போகிறது?

காலை நிகழ்ச்சியில் போக்குவரத்துச் செய்தி வாசித்து வாசித்துச் சில வரிகள் எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டன. 'கூட்டரசு நெடுஞ்சாலையில் கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் செல்லும் வழியில் லோரி ஒன்று பழுதாகி நிற்கிறது, இடது தடத்தைத் தவிர்க்கவும்.' இடம் மாறும், தடம் மாறும், லோரி மட்டும் மாறாது. விபத்து என்றால் அடுத்த ஐந்து நிமிடத்தில் வாட்ஸ்அப் நிரம்பிவிடும். பாதிப் பேர் கேட்பது ஒரே கேள்விதான்: "போலீஸ் என்னதான் பண்ணுது?"

நியாயமான கேள்வி. ஆனால் எந்தப் போலீஸ்?

சாலையோரம் நிற்கும் போக்குவரத்துப் போலீஸ்காரர் வேகத்தைப் பிடிப்பார், சிவப்பு விளக்கை மீறுபவரைப் பிடிப்பார், ஓட்டிக்கொண்டே போன் பேசுபவரைப் பிடிப்பார். லோரியில் எத்தனை டன் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல அவரால் முடியாது. கையில் தராசும் இல்லை. எடை, டயர், பிரேக் எல்லாம் பெரும்பாலும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் வேலை, அதாவது ஜேபிஜே. சரக்கு ஏற்றும் தொழிலுக்கு நிறுவனத்துக்கு உரிமம் தருவது அபாட். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வண்டியைச் சோதித்து 'பாஸ்' போடுவது புஸ்பாகோம் போன்ற மையங்கள். நம்ம பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையில் சாமான் இறக்க நிற்கும் லோரிக்கு டிபிகேஎல்காரர்கள் வந்து கார் நிறுத்தக் குற்றத்துக்குச் சம்மன் வைத்துவிட்டுப் போவார்கள். அந்த லோரியின் டயர் வழுக்கையாக இருந்தாலும் அது அவர்கள் கணக்கில் வராது. அதில் தப்பும் சொல்ல முடியாது.

இத்தனை கைகள் இருந்தும் நழுவிப்போனது எது என்று பார்க்க, 2025 மே 13-க்குப் போக வேண்டும். தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமி ரத ஊர்வலம் முடிந்த மறுநாள் காலை. திருவிழாவுக்குப் பாதுகாப்பு கொடுத்த கலகத் தடுப்புப் போலீஸார், எஃப்ஆர்யூ என்று நாம் சொல்லும் அந்தப் பிள்ளைகள், ஈப்போவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சிக்குஸ் - சுங்கை லம்பாம் சாலையில் எதிரே சரளைக்கல் ஏற்றி வந்த லோரி அவர்களுடைய டிரக்கில் மோதியது. ஒன்பது பேர் இறந்தார்கள். நம் சாமி ஊர்வலத்துக்குக் காவல் நின்றவர்கள் வீடு திரும்பவில்லை. அன்று காலை ஒலிபரப்பில் உட்கார்ந்திருந்த யாருக்கும் அதை எளிதாகச் சொல்ல முடிந்திருக்காது.

விசாரணையில் வெளிவந்தவை இரண்டு விஷயங்கள். லோரியின் ஸ்டேரிங் பழுது, அனுமதித்ததை மீறிய சுமை. ஓட்டுநர் மீது நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டது. அந்த நிறுவனத்தின் மீதும் நடவடிக்கை பாய்ந்தது. ஆனால் ஒன்பது உயிர் போன பிறகு. அந்தக் கல் லோரியில் ஏறிய இடத்தில், அன்று காலை, யாரும் 'இது அதிகம், இறக்கு' என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் அங்கே யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 9-ஆம் தேதி கெரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் பேருந்து கவிழ்ந்து சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் இறந்தார்கள். அது லோரி இல்லைதான். ஆனாலும் இங்கே அதைச் சொல்லக் காரணம் உண்டு. பேருந்தின் பெர்மிட் ஒருவர் பெயரில் இருந்தது, பேருந்தை ஓட விட்டது வேறொருவர். பெர்மிட்டை வாடகைக்கு விட்டதற்காக உரிமம் வைத்திருந்த நிறுவனத்தின் உரிமத்தை அபாட் ரத்து செய்தது. வாகனத் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டால் 'இதெல்லாம் ஊரறிந்ததுதானே' என்பார்கள். காகிதத்தில் இருக்கும் முதலாளி ஒருவர், பிரேக்குக்குச் செலவு செய்யவேண்டிய முதலாளி இன்னொருவர். சோதனையில் பிடிபட்டால் சம்மன் யாரைத் தேடிப் போகும்?

கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டும் மாமா ஒருவர் எனக்கு உண்டு. பண்டமாரான் பக்கம் டிப்போ, வெஸ்ட்போர்ட்டுக்கும் நார்த்போர்ட்டுக்கும் ஓட்டம். அவரிடம் இதைக் கேட்டேன். "ஏம்மா, பாரம் ஏத்துறது ஒருத்தன், நேரம் போடுறது ஒருத்தன், டயர் மாத்த மாட்டேங்குறது ஒருத்தன். ரோட்டுல கை காட்டி நிறுத்தினா இறங்குறது மட்டும் நான்" என்றார். டிரிப் கணக்கில்தான் சம்பளம். ஒரு டிரிப்பை வேண்டாம் என்று சொன்னால் அன்றைய காசு போச்சு. அடுத்த நாள் அந்த டிரிப் வேறு ஒருவருக்கு. அதற்காக எல்லா ஓட்டுநரும் அப்பாவி என்று சொல்ல வரவில்லை. கேசாஸில் லோரி முந்திக்கொண்டு வருவதைப் பார்த்தவர்கள் யாரும் அதை நம்பவும் மாட்டீர்கள்.

இதில் எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம் ஒன்று உண்டு. 2016 ஜூலை 1 முதல் உலகம் முழுக்க ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. ஏற்றுமதிக் கன்டெய்னரின் எடை சரிபார்க்கப்படாவிட்டால் அதைக் கப்பலில் ஏற்றக்கூடாது. போர்ட் கிள்ளானும் அதற்குக் கட்டுப்பட்டது. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்துவிடக் கூடாது அல்லவா? அப்படியானால் நம் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறும் ஒவ்வொரு பெட்டியின் எடையும் எங்கோ ஒரு கணினியில் பதிவாகத்தான் இருக்கிறது. கப்பலுக்குச் சொல்லும் எடையைச் சாலைக்கும் சொன்னால் என்ன? ஜேபிஜே அதிகாரி நள்ளிரவில் நெடுஞ்சாலை ஓரம் நின்று லோரிகளை ஓரங்கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லையே.

நிற்பதில் வேறு தொல்லையும் உண்டு. 'தொந்தோ' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜேபிஜே வண்டி எங்கே நிற்கிறது என்று பின்தொடர்ந்து பார்த்து, லோரிக்காரர்கள் குழுவுக்குத் தகவல் போடுவதையே தொழிலாகச் செய்கிறவர்கள். தகவல் போனால் லோரிகள் வேறு பாதையில் போய்விடும், இல்லை பெட்ரோல் நிலையத்தில் ஓய்வெடுக்கும். 2019-இல் பினாங்கில் லோரிகளைக் கண்டுகொள்ளாமல் விட லஞ்சம் வாங்கிய சந்தேகத்தில் ஜேபிஜே அதிகாரிகள் பலரையே ஊழல் தடுப்பு ஆணையம் கைது செய்தது. நேர்மையான அதிகாரிகளுக்கு இதைவிட அவமானம் வேறில்லை. சாலையோரச் சோதனை என்பதே இப்படி விலைபோகக்கூடிய இடமாக இருக்கிறது.

வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை அரசாங்கம் 2025 அக்டோபர் 1 முதல் கட்டம் கட்டமாக அமல்படுத்துகிறது. வரவேற்க வேண்டியதுதான். போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் இதில் பின்வாங்காமல் நின்றதைப் பாராட்டுகிறேன். ஆனால் அந்தக் கருவி வேகத்தை அடக்கும், சுமையைக் குறைக்காது. அதிகச் சுமை ஏற்றிய லோரி, வேகம் குறைவாக இருந்தாலும் நினைத்த இடத்தில் நிற்காது.

ஆஸ்திரேலியாவில் கனரக வாகனச் சட்டம் வேறு மாதிரி யோசிக்கிறது. சரக்கை அனுப்பியவர், ஏற்றியவர், பயண நேரத்தைத் தீர்மானித்தவர், எல்லாரையும் ஒரே சங்கிலியில் கட்டிவிடுகிறது. சாலையில் பிடிபட்ட லோரியிலிருந்து பின்னோக்கிப் போய், அந்த நேரத்துக்கு அந்தச் சுமையைக் கேட்ட அலுவலகத்தின் கதவையும் தட்டலாம். நமது ஜேபிஜேயிடமும் நிறுவனத்துக்கே போய்க் கணக்கு, பராமரிப்புப் பதிவு எல்லாவற்றையும் தோண்டும் 'ஜிசா' தணிக்கை இருக்கிறது. பெரும்பாலும் உயிர்ப்பலிக்குப் பிறகுதான் அதன் பெயரைச் செய்தியில் கேட்கிறோம். கல் குவாரி வாசலிலும் கன்டெய்னர் டிப்போ வாசலிலும் முன்கூட்டியே அது நின்றால், ரோட்டில் நிற்கும் போலீஸ்காரருக்கு வேலை பாதியாகிவிடும்.

இதை வாசிப்பவர்களில் ஷா ஆலாமிலோ சுபாங்கிலோ கொள்முதல் பிரிவில், சரக்குப் போக்குவரத்துப் பிரிவில் வேலை பார்க்கிறவர்கள் இருப்பீர்கள். மூன்று நிறுவனத்திடம் விலை கேட்டு, மலிவானதைத் தேர்ந்தெடுத்து, 'நாளைக் காலைக்குள் வேணும்' என்று மின்னஞ்சல் போடுவது நீங்கள்தான். அடுத்த முறை விலையோடு இன்னும் மூன்றைக் கேளுங்கள்: பெர்மிட் யார் பெயரில் இருக்கிறது, வண்டியைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள், இத்தனை டன்னை ஒரே டிரிப்பில் ஏற்றப்போகிறீர்களா இல்லை இரண்டிலா?